ஆயிரத்து நானூற்றுப் பதினாறில் நின்றது

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
5-11-1972

அன்புள்ள ரேணுகா,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. வந்து ஆறு நாள் ஆகிறது. லீவு என்று சொல்லித்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தறியை விட்டு எழுந்து வந்து, "எந்த ஆபீசுலமா ஒரு மாசம் லீவு குடுக்குறான்? என்னாண்ட மறைக்காத" என்றார். விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். மறுபடியும் போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அம்மா விடவில்லை. "அந்த மெஷினுல இன்னாத்த ஒடச்ச? நெஜத்த சொல்லு" என்று பின்னாலேயே வந்தாள். நான் சொன்னேன்: "எதையும் ஒடைக்கலமா. வேல செஞ்சிக்கினே இருந்தது, பாதியில நின்னுபோச்சு. நின்னுச்சுன்னா எதையும் தொடக் கூடாது. முன்னாடி பலகையில சின்னச் சின்ன விளக்கு எரியும். எந்த எடத்துல வேல நடக்கும்போது நின்னுச்சுன்னு அந்த விளக்கப் பாத்தாத் தெரியும். அத ஃபாரத்துல எழுதிக்கணும். அப்புறம் மெஷினுக்குள்ள இருக்கிறத மொத்தமும் பேப்பருல அச்சடிச்சி எடுத்துக்கணும். அதுக்கு டம்ப்புன்னு பேரு. அதுக்கும் அப்புறம்தான் மறுபடி ஓட்டணும்."

"எழுதிக்கினீங்களா?" என்றாள்.

"ரேணுகா எழுதிக்கினா."

"அப்ப இன்னா கவல?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். உன் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விளக்கு 1416 காட்டியதாக நீ ஃபாரத்தில் எழுதியிருக்கிறாய். மெஷினுக்குள் 1400 முதல் 1900 வரை என் புரோகிராம். மார்க்கு அட்டைகளைப் படித்து டேப்பில் ஏற்றுவது அதுதான். அதனால்தான் நம் மேலதிகாரி பஞ்சாட்சரம் சார் பதினோராயிரம் பிள்ளைகளின் மார்க்கு டேப்பில் குழம்பிப்போனதற்கு நானே காரணம் என்கிறார். விளக்கு ஏதாவது பழுதோ என்று நான் அழுதுகொண்டே கேட்டேன். நம் இருவர் முன்னாலும் பொத்தானை அழுத்தி எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் எரியவிட்டுக் காட்டினார். ஒன்று பாக்கியில்லாமல் பளிச்சென்று எரிந்தது. 

டிசம்பர் நாலாம் தேதி விசாரணை. தப்பு என்னுடையது என்று முடிவானால் வேலை போகும். அதோடு விடாது. மெட்ராஸில் இருக்கிற கம்ப்யூட்டர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம், ஒரு இடத்தில் துரத்தினால் இன்னொரு இடத்தில் வாசற்படி ஏற விடமாட்டார்கள். பி.எஸ்ஸி. கணக்குப் படித்து, ஆயிரம் சண்டை போட்டு இந்த வேலைக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும்.

நான் அட்டைத் தட்டுகளை எடுக்கப் போயிருந்த நேரத்தில் அது நின்றது. நீதான் பக்கத்தில் இருந்தாய். நீ எடுத்த டம்ப்பை எனக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. வரி வரியாகப் பார்த்தால் என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிடுவேன். அன்றைக்கு அழுகையில் கேட்கத் தோன்றவில்லை. உன்னை விட்டால் எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

உன்,
லோகா


பெண்கள் விடுதி,
சென்னை-5.
9-11-1972

அன்புள்ள லோகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் சௌகரியம்தானே? இங்கே நாலு நாளாக மழை. எனக்கு ஜலதோஷம், தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பதில் எழுதத் தாமதம், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நீ கேட்ட டம்ப் இல்லை, லோகா. எடுக்கவில்லை. நீ பக்கத்தில் இல்லை, மெஷின் திடீரென்று நின்றது, எனக்குக் கை கால் ஓடவில்லை. விளக்கை மட்டும் எழுதிக்கொண்டு பதற்றத்தில் ரீசெட்டை அழுத்திவிட்டேன். அழுத்தினால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்று உனக்குத் தெரியாததா? சாரிடமும் இதைத்தான் சொன்னேன். அதற்காக என்னையும் நன்றாகத் திட்டினார்.

விளக்கு 1416 காட்டியது. கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன். அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். இதில் என்னைத் தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை.

ஒரு யோசனை சொல்கிறேன், கோபப்படாதே. விசாரணையில் வாதம் செய்யாமல், பழக்கமில்லாததால் நடந்த பிசகு, மன்னிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடு. சாருக்கு நல்ல மனசு. மெஷினை விட்டு எடுத்தாலும் அட்டை துளைக்கிற பிரிவிலாவது போடுவார். உன் புரோகிராமை அவரே உட்கார்ந்து புதிதாக எழுதினார், இரண்டாவது முறை ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடி முடிந்தது. மார்க்குகளும் வெளியாகிவிட்டன. யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

உன் பெட்டி இங்கேயே இருக்கிறது. வார்டன் உன் கட்டிலை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். செவிலிமேட்டிலிருந்து எங்கள் ஊர் அர்ஜுனன் அண்ணன் லாரியில் வரும்போது அனுப்பிவைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ரேணுகாம்பாள்


பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
13-11-1972

ரேணுகா,

"யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை." இதை எழுதும்போது உன் பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லையா? நான் யாரும் இல்லையாடி?

என் புரோகிராமின் நகல் ஒன்று என் நோட்டில் இருக்கிறது. எட்டு நாளாக அதை வைத்துக்கொண்டு நானே மெஷினாக உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு வரியாக, இது இதைக் கூட்டும், இது அங்கே போகும் என்று பென்சிலால் எழுதிப் பார்க்கிறேன். அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, "பைத்தியம் புடிச்சிடும்டி" என்கிறாள். 1416-ல் இருப்பது ஒரு சாதாரணக் கூட்டல். ரெண்டையும் ரெண்டையும் கூட்டுகிற மாதிரி. அந்த இடத்தில் மெஷின் நிற்கவே முடியாது. நிற்க வைக்க வேண்டும் என்று நினைத்தால்கூட முடியாது. சத்தியமாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. நான் அட்டைத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது பிரிண்டர் சத்தம் கேட்டது. நின்று நின்று அடிக்கிற சத்தம் இல்லை. விடாமல் ஒரே மூச்சாக அடித்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே வந்தபோது அடங்கிவிட்டது. மெஷின் நின்றுவிட்டது, நீ ரீசெட்டையும் அழுத்திவிட்டாய், உள்ளே ஒன்றும் இல்லை. அப்படியானால் பிரிண்டர் எதை அடித்தது?

எட்டு மாதம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம். உனக்குக் காய்ச்சல் வந்தபோது உன் ஷிஃப்டையும் சேர்த்து நான் பார்த்தேன். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் பரவாயில்லை, சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன். நான் கேட்ட ஒரே கேள்விக்கு நேராகப் பதில் எழுது. மன்னிப்பு எழுதிக் கொடு என்று எனக்கு யோசனை சொல்லாதே. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டால் அது செய்ததாகவே ஆகிவிடும்.

லோகாம்பாள்


பெண்கள் விடுதி,
சென்னை-5.
17-11-1972

அன்புள்ள லோகாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை. என்னை நீ இப்படிக் கேட்பாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்ததைக்கூட எழுதியிருக்கிறாய். சரி.

பிரிண்டர் எத்தனையோ அடிக்கும். ஆபீஸில் ஒரு நாளைக்கு ஒரு மூட்டைப் பேப்பர் அடிக்கிறது. மாடிப்படியில் நீ கேட்டது எதுவோ, எப்போதோ. மனது சரியில்லாதபோது இல்லாத சத்தமெல்லாம் கேட்கும். மார்க்குகளைக் கூட்டுகிற என் புதுப் புரோகிராம் ஒன்பதாயிரத்தில் தனியாகக் கிடக்கிறது. அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

உனக்கு அப்பா இருக்கிறார், தறி இருக்கிறது. எனக்கு நிலைமை வேறு. என் அண்ணன் ராமலிங்கம் இந்த வேலைக்கு என்னை அனுப்பவே மாட்டேன் என்றவர். சின்னதாக ஒரு சொல் வந்தாலும் அன்றைக்கே வந்து அழைத்துப் போய்விடுவார். செவிலிமேட்டில் பத்துப்பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள், பெண் பிள்ளையை மெட்ராஸுக்கு அனுப்பினாயே என்று கேட்க. இதையெல்லாம் நீ யோசித்தாயா?

அர்ஜுனன் அண்ணனிடம் பெட்டியைக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதமும் அவர் கையிலேயே வருகிறது. பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்திருந்தது. புடவை கறைபடாமல் இருக்கப் பழைய பேப்பர் விரித்திருக்கிறேன். எதுவும் விட்டுப்போயிருந்தால் எழுது.

ரேணுகாம்பாள்


பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
21-11-1972

ரேணுகாம்பாளுக்கு,

எதுவும் விட்டுப்போகவில்லை. எல்லாம் வந்து சேர்ந்தது. கேட்டதும் வந்து சேர்ந்தது.

புடவைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பேப்பரை உதறிப் போடலாம் என்று இழுத்தேன். வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. திருப்பினேன். மடிப்பு மடிப்பாக முப்பத்திரண்டு பக்கம். மேலே தேதி, அக்டோபர் இருபத்தேழு. டம்ப்! எடுக்கவே இல்லை என்று தொண்டை கட்டிக்கொண்டு எழுதினாயே, அதே டம்ப். முதல் வரியில் மெஷின் நின்ற இடம் அச்சாகியிருக்கிறது. 9416. அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் 11.25 என்று நேரம். வட்டமும் உன் கை, எழுத்தும் உன் கை.

நான் உன் புரோகிராமைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டேனா? அதை எங்கே வைத்தாய் என்றுகூட எனக்குத் தெரியாது. ஒன்பதாயிரம் என்று நீயாகவே எழுதினாய்.

ஆனாலும் ஒரு மணி நேரம் எனக்குப் புரியவில்லை. டம்ப் 9416 என்கிறது, விளக்கு 1416 என்றதாக நீ எழுதியிருக்கிறாய். முதலில், வேண்டுமென்றே மாற்றி எழுதிவிட்டாய் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விளக்கைப் படம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வோர் இலக்கத்துக்கும் நாலு விளக்கு. எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. எரிகிறதைக் கூட்டினால் அந்த இலக்கம். முதல் இலக்கம் ஒன்பது என்றால் எட்டும் ஒன்றும் எரிய வேண்டும். எட்டு தெரியாமல்போனால் மிச்சம் ஒன்று. ஆயிரத்து நானூற்றுப் பதினாறு.

எட்டு ஏன் தெரியவில்லை என்று யோசித்தேன். ஆயுத பூஜை அன்றைக்கு அந்தப் பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தது நான். எங்கள் வீட்டில் தறிக்குப் பொட்டு வைக்கும்போது அப்பா ஒவ்வொரு வருஷமும் சொல்வார்: "ஓடுற எடத்துல வெக்காதமா, பட்டு மேல பட்டாப் போச்சு. அசையாத எடமாப் பாத்து வை." அதே புத்தியில், எட்டு மாதமாக எரிந்தே பார்க்காத விளக்கு எது என்று தேடி, அதன் மேல் வைத்தேன். அதுவரை எட்டாயிரத்துக்கு மேலே நம்மில் யாரும் எதையும் வைத்ததில்லையே! அந்த விளக்குக்கு வேலையே கிடையாது என்று நினைத்தேன். தினமும் காலையில் விளக்குச் சோதனை செய்ய வேண்டும் என்பது சட்டம். நாம் இரண்டு பேரும் ஒரு நாளும் செய்ததில்லை.

ஆகவே நீ 1416 என்று எழுதியபோது கண்டதைத்தான் எழுதினாய். அதை ஒப்புக்கொள்கிறேன். என் விரலால் வைத்த பொட்டு என் தலையில் விடிந்தது.

ஆனால் சார் வந்து எல்லா விளக்கையும் எரியவிட்டபோது எட்டும் பளிச்சென்று எரிந்ததே, அது எப்படி? சந்தனம் உதிர்ந்துவிட்டது போல என்று முதலில் நினைத்தேன். உதிரவில்லை. பத்து நாளாக ஒட்டிக்கொண்டிருந்த பொட்டு சரியாக அந்த அரை மணியில் உதிருமா? டம்ப்பைப் பார்த்தாய், 9416-க்கு வட்டம் போட்டாய், விஷயம் புரிந்தது, துடைத்துவிட்டாய். பிறகு சார் என் புரோகிராமை மாற்றி எழுதிக்கொண்டிருந்தபோது நீ சத்தம் போடாமல் உன்னுடையதைத் திருத்தினாய். இரண்டாம் முறை ஓடியது உன் திருத்தத்தால். என்னுடையதை மாற்றியதால் ஓடியது என்று எல்லோரையும் நம்பவிட்டாய். நான் உன் தோளில் சாய்ந்து அழுதபோது முதுகைத் தட்டிக்கொடுத்தாயே ரேணுகா, அந்தக் கையில் சந்தன வாசனை இருந்திருக்கும்.

என் பையில் காலி ஃபாரம் ஒன்று இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். நின்ற நேரம், விளக்கு, டம்ப் எடுத்தீர்களா, அதன் பிறகு எதையாவது தொட்டீர்களா, கையெழுத்து. நடந்ததை நடந்தபடி நிரப்பி அனுப்பு. சந்தனம் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சொல். அந்தப் பேப்பரைத் தெரிந்து பெட்டியில் வைத்தாயா, தெரியாமல் வைத்தாயா?

லோகாம்பாள்


சென்னை-5.
28-11-1972

லோகா,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நீ எழுதியது எல்லாம் சரி. துடைத்தது நான்தான். முந்தானையால் துடைத்தேன். அந்த மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. துடைக்கும்போது, நீ வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீ தட்டோடு உள்ளே வந்தாய். உன் பின்னாலேயே சார் வந்துவிட்டார். அவர் என் கையிலிருந்த ஃபாரத்தை வாங்கி 1416 என்று உரக்கப் படித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் உன் பக்கம் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லலாம், இன்றைக்குச் சொல்லலாம் என்று போனது. நாள் ஆக ஆகச் சொல்ல முடியாமல் போய்விட்டது. இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

பேப்பரைப் பற்றிக் கேட்டாய். மெத்தைக்கு அடியில் வைத்திருந்தேன். கிழித்துப் போட இரண்டு முறை எடுத்தேன், முடியவில்லை. பெட்டிக்கு அடியில் விரிக்கப் பேப்பர் தேடியபோது அது கையில் வந்தது. தெரிந்தே வைத்தேன் என்று எழுதினால் நல்லவளாகிவிடுவேன். தெரியாமல் வைத்தேன் என்றால் பொய். வெள்ளைப் பக்கத்தை மேலே போட்டதும் நான்தான். இதற்கு மேல் எனக்கே தெரியவில்லை.

டம்ப்பை நீ கொடு. தடுக்க மாட்டேன். பிரிண்டர் பக்கத்தில் பழைய பேப்பர் கட்டில் கிடைத்தது என்று சொன்னால் போதும். மெஷின் தானாக அடித்திருக்கும், நான் பதற்றத்தில் கவனிக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்வேன். உன் பேர் சுத்தமாகிவிடும். ஒரே ஒரு உதவி. அந்தப் பென்சில் வட்டத்தையும் நேரத்தையும் மட்டும் ரப்பர் வைத்து அழித்துவிடு. அது இருந்தால் நான் பார்த்துவிட்டு மறைத்தேன் என்று ஆகிவிடும். அது இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை இருக்கும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஃபாரத்தை நிரப்ப முடியவில்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ரேணுகா


பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
6-12-1972

ரேணுகாம்பாளுக்கு,

விசாரணை அறையில் உனக்கு எதிரே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன்.

மூன்றாம் தேதி அந்தப் பேப்பரைத் தரையில் விரித்து, ரப்பரைக் கையில் எடுத்தேன். நீ கேட்டதற்காக எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். உன் அண்ணன் முகம் ஞாபகத்துக்கு வந்தது. வட்டத்தின் மேல் ரப்பரை வைக்கவும் வைத்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னாமா பண்ணிக்கினு இருக்கிற?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனத்தைப் பற்றிச் சொன்னபோது, "விளக்கு மேலயா வெச்ச? அடிப்பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். உன்னைப் பற்றிச் சொன்னபோது கையை இறக்கிவிட்டார். ரப்பரைப் பார்த்து, "அத அழிச்சிட்டா அந்தப் பொண்ணு பண்ணது இல்லன்னு ஆயிடுமா?" என்று மட்டும் கேட்டார். ரப்பரை வைத்துவிட்டேன். மெஷின் நின்றால் எதையும் தொடாதே, இருக்கிறதை இருக்கிறபடி எழுது என்று முதல் நாள் நம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நீ துடைத்தாய். நானும் துடைத்தால் நமக்குள் என்ன வித்தியாசம்?

பேப்பர் என் பெட்டிக்கு அடியில் இருந்தது என்றுதான் சொன்னேன். பழைய பேப்பர் கட்டு என்று சொல்லவில்லை. சந்தனம் வைத்தது நான் என்றதும் சார் சிரித்துவிட்டார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஆபீஸ் பெருக்கும் பொன்னியம்மாளைக் கூப்பிட்டுச் சந்தனம் இழைத்து வரச் சொன்னதும், எல்லோரையும் மெஷின் அறைக்கு அழைத்துப்போய்த் தன் கையாலேயே எட்டின் மேல் பொட்டு வைத்ததும், 9416-ஐ ஏற்றிவிட்டு உன்னைப் பார்த்துப் படிக்கச் சொன்னதும் உனக்கு மறந்திருக்காது. நீ படித்தாய். "ஆயிரத்து நானூற்றுப் பதினாறு." உன் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போதாவது சொல்வாய் என்று நினைத்தேன். சார் பேப்பரை நீட்டி, "இந்த வட்டம் யார் போட்டது?" என்று கேட்டார். நான் போடவில்லை என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே, "தெரியாது சார்" என்றாய்.

அக்டோபரில் நீ செய்ததற்குப் பயம் என்று பேர் வைக்கலாம். இதற்கு என்ன பேர் வைப்பது? உன் இருபத்தெட்டாம் தேதிக் கடிதம் என் பையில் இருந்தது. கையை உள்ளே விட்டு அதைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். எடுக்கவில்லை. டம்ப் மெஷின் எழுதியது, எல்லோருக்கும் சொந்தம். கடிதம் நீ எனக்கு எழுதியது. காட்டியிருந்தால் நானும் உன்னைப் போல் ஆகியிருப்பேன்.

எனக்கு வேலை திரும்பிவிட்டது. பதினோராம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். சந்தனத்துக்காக ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். விடுதிக்கு வர மாட்டேன். மயிலாப்பூரில் அம்சா என்று என்னோடு படித்தவள் இருக்கிறாள், அவள் வீட்டில் தங்கப் போகிறேன். காலை ஷிஃப்டில் நாம் இருவரும் மறுபடியும் ஒரே அறையில் இருப்போம். வேலை விஷயம் கேட்டால் பதில் சொல்வேன். வேறு எதுவும் கேட்காதே. அம்மா உன்னைப் பற்றி விசாரித்தாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

வட்டம் யார் போட்டது என்று கண்டுபிடிக்காமல் விட மாட்டேன் என்று சார் சொல்லியிருக்கிறார். உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கிழித்துப் போடுகிறாயோ, அவரிடம் கொடுக்கிறாயோ, உன் இஷ்டம். அந்த ஃபாரத்தையும் மறுபடியும் வைத்திருக்கிறேன். இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மூன்றாம் முறை அனுப்ப மாட்டேன்.

அ. லோகாம்பாள்